கனடாச் சீனி

போன கிழமை அத்தியாயத்தில் கஜந்தினி நாயைப் பார்த்துச் சொன்ன ஒரு வசனத்துக்காக அவளை ஏசி எழுதியவர்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பி, முற்றத்தில் தென்னோலை பொறுக்கப் போன இடத்தில் நாய் குதிக்காலைக் கவ்வினால் உங்கள் வாயில் தேவாரமா வரும்?

"இந்த நாய் செத்துத் துலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி!" என்று கத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்டது. கத்தியது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை சந்தைக்குப் போனவள் எலிமருந்து வாங்கி வந்தாள். இன்று வெள்ளிக்கிழமை.

இந்தக் கிழமைதான் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்காக வீட்டுக்காரரைச் சொல்லிவிடுகிறேன். வீடு அன்புவழிபுரத்தில். கதிரவேலர் துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்ந்தவர். சீனி வருத்தக்காரர், காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மனைவி தங்கேஸ்வரி. மகள் சுதர்ஷினி கனடாவில். மகன் ரிஷிகேசன் சல்லி என்ற ஊரில் இருந்து கஜந்தினியை விரும்பிக் கட்டிக் கூட்டிவந்து, தாய் வீட்டில் விட்டுவிட்டு, ஐந்து மாதத்துக்கு முன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். மூன்று கிழமையாக அவனிடமிருந்து அழைப்பு இல்லை. கேட்டால், "பாலைவனத்துக்குள்ள வேலையாம், நெற்வேர்க் இல்லையாம்" என்பாள் தங்கேஸ்வரி.

பெட்டை கஜந்தினி என்ன செய்வாள்? தகப்பன் சொல்லியும் கேளாமல் கட்டியவள். சல்லிக்குத் திரும்பிப் போக முகமில்லை. ரிஷி வரும்வரைக்கும் இந்த வீட்டில் கால் ஊன்றி நின்றே ஆகவேண்டும். மாமியாருக்கோ அவளை வெளியே அனுப்ப ஒரு காரணம் போதும்.

அந்தக் காரணம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிடைத்தது.

கிணற்றடி வேம்பின் கீழே அவர்களுக்கு ஒரு சூலம் உண்டு. அதுதான் வைரவர். வெள்ளிதோறும் மடை என்று படையல். வடைமாலை, மோதகம், வாழைப்பழம். மடை முடிந்ததும் முதல் மோதகம் நாய்க்கு. நாய் வைரவரின் வாகனம் அல்லவா? அது தின்னும்வரை மனிதர் எவரும் வாயில் வைக்கக்கூடாது. படைத்த கைதான் கொடுக்கவும் வேண்டும். கதிரவேலர் வீட்டில் இதில் ஒரு வெள்ளி தவறியதில்லை.

இந்த வெள்ளி தங்கேஸ்வரிக்கு முழங்கால் வலி. "நீயே படை" என்று கஜந்தினியிடம் விட்டுவிட்டாள். கல்யாணம் கட்டி வந்த பிறகு இதுதான் முதல் தரம். கஜந்தினிக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மாமா கிழமைக்குக் கிழமை மோதகத்தைப் பார்த்துவிட்டு வெறும் வடையோடு எழும்பிப் போவதை அவள் கண்டிருக்கிறாள். போன கிழமை சுதர்ஷினி அனுப்பிய பார்சலில் ஒரு பக்கெற் சீனி இருந்தது. சீனி வருத்தக்காரருக்கென்றே விற்கிற சீனியாம், பயமில்லாமல் சாப்பிடலாமாம். எறும்புக்குப் பயந்து அதை அன்றைக்கே பழைய பால்மா ரின்னில் கொட்டி வைத்திருந்தாள். பயறும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, சர்க்கரைக்குப் பதிலாக அந்தக் கனடாச் சீனியைப் போட்டு உள்ளீடு பிடித்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமா வாயில் வைத்த பிறகு சொல்லி அவர் முகத்தைப் பார்க்க ஆசை.

மடை முடிந்ததும் வீட்டு நாய் பிரவுணியைக் கூப்பிட்டு ஒரு மோதகம் கொடுத்தாள். பிறகு இன்னும் இரண்டு கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை சொன்ன சொல்லுக்கு அவள் கேட்ட மன்னிப்பு அது. பிரவுணி கோபத்தை வைத்துக்கொள்கிற சாதி இல்லை, மூன்றையும் விழுங்கிவிட்டு அவள் புறங்கையை நக்கியது.

பாத்திரம் கழுவி, தேநீர் ஊற்றி முடியவில்லை. கிணற்றடியில் இருந்து கதிரவேலர் கத்தினார்.

"தங்கம்! இஞ்ச ஓடிவா! பிரவுணிக்கு என்னமோ செய்யுது!"

குடித்தவன் மாதிரி நாய் தள்ளாடியது. வாந்தி எடுத்தது. நான்கு அடி நடந்து, பின்னங்கால் மடிந்து, அப்படியே சரிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் கூப்பிட்டால் பார்க்கவில்லை.

தங்கேஸ்வரி நாயைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தாள்.

"என்னடி குடுத்தனீ?"

"மோதகம்தான் மாமி. மடை மோதகம்."

"ஒண்டுதானே வழமை. நீ மூண்டு குடுத்தனீ. நான் குசினி யன்னலால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். செவ்வாய்க்கிழமை சாகச் சொன்ன நாய்க்கு வெள்ளிக்கிழமை என்ன திடீர்ப் பாசம்?"

இரண்டு எட்டில் உள்ளே போனாள், முழங்கால் வலி எங்கே போனதோ. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து எலிமருந்துப் பக்கெற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு மூலை வெட்டியிருந்தது.

"இது என்ன?"

"எலிக்கு வைச்சனான் மாமி! அரிசி மூட்டையைக் கடிச்சதெண்டு நீங்கதானே சொன்னீங்க!"

"நான் பொறி வாங்கச் சொன்னனான். மருந்து வாங்கச் சொன்னனானோ?" குரல் ஏறியது. "ஐயோ, இதை நாங்களும் எல்லோ தின்ன இருந்தம்! வைரவர்தான் நாயைக் குடுத்து எங்களைக் காப்பாத்தினவர்!"

கஜந்தினிக்கு முகம் வெளுத்தது. நாய்க்கு நஞ்சு வைத்தவள் என்பது ஒன்று. வீட்டுக்கே நஞ்சு வைத்தவள் என்றால் அது வேறு. அந்தப் பெயரோடு எந்த ஊரில் இருப்பது?

மடைத் தட்டில் இருந்து ஒரு மோதகத்தை எடுத்தாள். வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். அதையும் விழுங்கினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"பிள்ளை, விசரே உனக்கு!" என்று கதிரவேலர் தட்டைத் தட்டிப் பறித்தார்.

"நஞ்செண்டா நானும் சாகட்டும் மாமா."

தங்கேஸ்வரி அவளை உச்சியில் இருந்து பாதம்வரைக்கும் பார்த்தாள். விழுகிறாளா என்று பார்த்தாள், நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கஜந்தினி கல்லுப்போல நின்றாள்.

"அப்ப நாய்க்குக் குடுத்தது வேற மோதகம்" என்றாள் தங்கேஸ்வரி.

சந்தேகம் பிடித்தவளுக்கு எதைக் காட்டினாலும் சாட்சிதான். அவள் உப்புத் தண்ணீர் கரைத்த போத்தலோடு நாயின் வாயைப் பிளக்கக் குனிந்த நேரம், கதிரவேலர் மிருக வைத்தியர் ஷாமிலாவுக்கு அழைப்பு எடுத்துவிட்டார். பிரவுணிக்கு வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடுகிறவர் அவர்தான்.

"ஒண்டும் வாயில ஊத்தவேணாம்!" டொக்டரின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. "உப்புத் தண்ணியும் வேணாம், பாலும் வேணாம். சரிஞ்சு கிடக்கிற நாயை வாந்தியெடுக்க வைச்சா நெஞ்சுக்குள்ள போயிடும். சாப்பிட்டு எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம் வரும் டொக்டர்."

"ஐயா, உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ? சீனி பாக்கிற மிசின் வீட்டில இருக்கா?"

இருந்தது. டொக்டர் சொல்லச் சொல்ல, கதிரவேலர் தன் விரலில் தினமும் குத்துகிற ஊசியால் நாயின் காதோரத்தில் குத்தினார். பிரவுணி சிணுங்கக்கூட இல்லை. மிசின் நாற்பத்தொன்று காட்டியது. தனக்கு எழுபதுக்குக் கீழே இறங்கினாலே அவருக்குக் கை நடுங்கும்.

"உங்கட மிசின் நாய்க்குச் சரியான கணக்குக் காட்டாது. ஆனா இவ்வளவு குறைவெண்டா குறைவுதான்" என்றார் டொக்டர். "தேன் இருந்தா விரலால தொட்டு பல் முரசில பூசுங்க. ஊத்தாதீங்க, பூசுங்க. பூசிக்கொண்டே உடன கொண்டுவாங்க."

சாராயப் போத்தலில் அடைத்த காட்டுத்தேன் சாமியறையில் இருந்தது. கஜந்தினி எடுக்க ஓடினாள்.

"நீ தொடாத!" என்று தங்கேஸ்வரி குறுக்கே நின்று, தானே எடுத்து வந்தாள்.

சந்தியில் நிற்கிற முனீப்பின் ஓட்டோ வாசலுக்கு வந்தது. கதிரவேலரின் மடியில் நாய், அவர் விரல் அதன் உதட்டுக்குள்ளே. பக்கத்தில் தங்கேஸ்வரி. கஜந்தினி கேளாமலே ஏறி மூலையில் ஒட்டிக்கொண்டாள். வீட்டில் நின்றால் ஓடிவிட்டாள் என்பார்கள்.

அநுராதபுரச் சந்தி தாண்டியதும் தங்கேஸ்வரி தொடங்கினாள். எலிமருந்துக் கதையை அவள் அத்தோடு விட்டுவிட்டாள். அதைவிடப் பெரியது அகப்பட்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, சீனி என்னண்டு இப்பிடி இறங்கும்?"

"டொக்டர் சொல்லுவா."

"டொக்டர் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு எதால இறங்கிறது? இன்சுலினால. அந்த ஊசி ஆற்ற கையில? உங்களுக்குப் போடுறது ஆர்?"

கஜந்தினிதான். காலையும் மாலையும் அவள்தான் போடுகிறாள். குளிர்ப்பெட்டிக்குள் மருந்து எவ்வளவு மிச்சம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"மாமி, சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத!" என்றுவிட்டுப் புருசனிடம் திரும்பினாள். "இண்டைக்கு நாய்க்கு. நாளைக்கு உங்களுக்கு ரெண்டு அலகு கூடப் போட்டா ஆருக்குத் தெரியும்? நித்திரையில போயிட்டார் எண்டு சொல்லுவினம்."

கண்ணாடியில் முனீப் பின்னால் பார்த்தான். அவன் பார்த்தால் இன்றைக்குப் பின்னேரத்துக்குள் சந்தி முழுக்கத் தெரியும்.

கதிரவேலர் நிமிரவில்லை. "என்ர மருமகள் அப்பிடிச் செய்யாள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வசனம் கஜந்தினிக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் தன் வயிற்றில் ஊசி போடுகிற இடத்தைத் தடவிப் பார்த்ததையும் அவள் கண்டுவிட்டாள். பாவம், அவருக்குத் தான் தடவினதே தெரிந்திருக்காது.

பஸ் நிலையத்தடியில், நகரத்துக்குள் திரிகிற மான்கள் றோட்டுக்குக் குறுக்கே நின்றன. முனீப் ஹோர்ன் அடித்து, இறங்கிக் கைதட்டித் துரத்தி, உட்துறைமுக வீதிக்கு வந்து சேர்ந்தபோது பிரவுணிக்கு உடம்பு வெட்டி இழுக்கத் தொடங்கியிருந்தது.

டொக்டர் ஷாமிலா வாசலிலேயே நாயை வாங்கிக்கொண்டார். முன்னங்காலில் ஊசி ஏற்றி, குளுக்கோஸ் போத்தலைத் தூக்கிக் கட்டி, நாயின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் இவர்கள் பக்கம் திரும்பினார்.

"எலிமருந்தெண்டு அம்மா போனுக்குப் பின்னால சொன்னது கேட்டது. எலிமருந்து அரை மணித்தியாலத்தில சீனியை இப்பிடி இறக்காது. இன்சுலின் ஊசி, குப்பி ஏதும் கடிச்சுதா?"

"கடிக்கேல்லை. போட்டிருக்கலாம்" என்றாள் தங்கேஸ்வரி.

டொக்டர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கஜந்தினியிடம் வந்தார். "தங்கச்சி, மோதகத்துக்கு என்ன போட்டீங்க? ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

"அரிசிமா, பயறு, தேங்காய்ப்பூ, ஏலம்..." கஜந்தினி நிறுத்தினாள். "சர்க்கரை போடேல்லை டொக்டர். மாமாவும் சாப்பிடவேணுமெண்டு கனடாவில இருந்து வந்த சீனி போட்டனான். சீனி வருத்தக்காரற்ற சீனி."

டொக்டரின் முகம் மாறியது. "என்ன பேர்?"

"இங்கிலீசில இருந்தது. வாசிக்கேல்லை."

"பக்கெற் எங்க?"

"ரின்னில கொட்டிப்போட்டு எறிஞ்சிட்டன்."

"எறிஞ்சிட்டாளாம்! கேட்டீங்களோ?" தங்கேஸ்வரி கைகொட்டினாள். "இப்ப என்ர மகள் அனுப்பினதில பழி போடுறாள்!"

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. அப்பிடிச் சீனியில ஒரு சாதி இருக்கு, சைலிற்றோல் எண்டு பேர். மனிசருக்கு ஒண்டும் செய்யாது. நாய்க்கு உள்ள போனா உடம்பு தானாவே இன்சுலினைக் கொட்டும், சீனி அப்பிடியே இறங்கும். கூடப் போனா ஈரலையும் பிடிக்கும். வேற சாதிச் சீனியெண்டா இவ்வளவு பயமில்லை. எனக்கு எதெண்டு தெரியவேணும். மகளுக்குப் போன் அடிங்க."

இந்த இடத்தில் தங்கேஸ்வரியைக் கவனியுங்கள். கையில் போன் இருக்கிறது, வட்சப்பில் மகள் இருக்கிறாள், நாய் சாகக் கிடக்கிறது. அவள் போனைச் சேலைத் தலைப்புக்குள் மூடிக்கொண்டாள்.

"அங்க இப்ப நடுச்சாமம். எடுக்கமாட்டாள்."

"எடு" என்றார் கதிரவேலர்.

"வேலைக்குப் போற பிள்ளை, நித்திரை..."

"எடு எண்டு சொன்னனான்!"

முப்பது வருடம் இழுவைப் படகில் காற்றை மீறிக் கத்திப் பழகிய தொண்டை அது. தங்கேஸ்வரி அழைத்தாள். வெளியே போய்க் கதைக்கப் பார்த்தாள். டொக்டர் விடவில்லை, ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

சுதர்ஷினி உடனேயே எடுத்தாள். "என்னம்மா இந்த நேரத்தில? அவளுக்கு ஏதும்..."

"டொக்டர் பக்கத்தில நிக்கிறா!" தங்கேஸ்வரி அவசரமாக இடையில் விழுந்தாள். "எல்லாரும் நிக்கிறம். ஸ்பீக்கரில போட்டிருக்கு. பிரவுணிக்கு ஏலாது. நீ அனுப்பின சீனி என்ன சீனி எண்டு கேக்கினம்."

அந்தப் பக்கம் வெடித்தது.

"பிரவுணிக்கு அதைக் குடுத்தனீங்களோ? ஐயோ அம்மா, குடுக்கவேண்டாமெண்டு உங்களுக்கு வொய்ஸ் அனுப்பினனானே! பக்கெற்றின்ர படமும் போட்டனான்!"

"எனக்கு ஒரு வொய்ஸும் வரேல்லை."

"நீங்க கேட்டீங்கள் அம்மா. நீலம் விழுந்து கிடக்கு."

"வரேல்லை எண்டுறன்!" என்று தங்கேஸ்வரி அழைப்பை வெட்டினாள்.

டொக்டர் ஷாமிலாவுக்கு இந்தக் குடும்பத்தின் சண்டை தேவையில்லை. "படத்தைக் காட்டுங்கம்மா" என்று போனைக் கையில் இருந்து எடுத்தே விட்டார். விரலால் மேலே தள்ளித் தள்ளி, போன கிழமைப் புதனுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கினார். "ஓம், அதேதான். கலப்பில்லாத சைலிற்றோல்." போனைக் கிட்ட நின்ற கஜந்தினியின் கையில் வைத்தார். "தங்கச்சி, எத்தனை கரண்டி போட்டீங்க, எத்தனை மோதகம் பிடிச்சீங்க எண்டு யோசிச்சு வைங்க. ஐயா, நீங்க வாங்க, நாயைப் பிடிக்க ஆள் வேணும்."

உள்கதவு சாத்திக்கொண்டது. மேசைக்கு இந்தப் பக்கம் மாமியும் மருமகளும் மட்டும்.

"பிள்ளை, போனைத் தா" என்றாள் தங்கேஸ்வரி. காலையில் இருந்து முதல்முறையாகப் பிள்ளை என்றாள்.

கஜந்தினி போனைப் பார்த்தாள். படத்துக்குக் கீழேயே இருந்தது அந்த வொய்ஸ். கேட்டதென்று நீலமாகவும் இருந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடி.

"நீங்க கேட்டிருக்கிறீங்க மாமி."

"ஏதோ சீனி எண்டு கதைச்சாள். சீனியால நாய் சாகுமெண்டு ஆர் கண்டது? மறந்துபோனன். அதுக்கு இப்ப என்ன? போனைத் தா எண்டுறன்."

"என்னை நஞ்சு வைச்சவள் எண்டீங்க. மாமாவைக் கொல்லப்போறவள் எண்டீங்க. முனீப் அண்ணையும் கேட்டவர். இதை எல்லாரும் கேக்கட்டும்."

அழுத்தினாள். தங்கேஸ்வரி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள், கஜந்தினி பின்வாங்கிப் போனை நெஞ்சோடு பிடித்தாள். சுதர்ஷினியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, பார்சல் வந்திட்டுதோ? அந்தச் சீனி அப்பாவுக்கு மட்டும். பிரவுணிக்கு ஒரு துளியும் குடுக்கவேண்டாம், நாய்க்கு அது நஞ்சு. கஜந்தினிக்குக் கட்டாயம் சொல்லுங்கோ, அவள்தானே குசினியில நிக்கிறவள்..."

கஜந்தினிக்கு மூச்சு வந்தது. அழுகையும் வந்தது. கழுத்தில் போட்டிருந்த கயிற்றை யாரோ அறுத்துவிட்டது மாதிரி இருந்தது.

"காணும்! நிப்பாட்டு!" தங்கேஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றக் கையால் போனை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். இவ்வளவும் தெரிந்துவிட்டது, இனி என்ன பதற்றம்? கஜந்தினி கையை உதறினாள். குரல் நிற்கவில்லை.

"மற்றது அம்மா, அண்ணா சுகமா வந்து சேர்ந்திட்டார். எங்கட கீழறையிலதான் இருக்கிறார். அகதிக் கேஸும் குடுத்தாச்சு. தான் கலியாணம் கட்டாதவன் எண்டுதான் போமில எழுதினவராம். கஜந்தினிக்கு இப்ப ஒண்டும் தெரியவேண்டாம். கட்டார் எண்டே சொல்லிக்கொண்டிருங்கோ. பிறகு மெல்லமா அவளை அவளின்ர வீட்டுக்கு..."

தங்கேஸ்வரி போனைப் பறித்து நிறுத்தினாள். ஆனால் எல்லாம் கேட்டாகிவிட்டது.

சுதர்ஷினி அந்த வொய்ஸில் இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள். முதலாவது இந்தக் காதால் வந்து அந்தக் காதால் போய்விட்டது, ஏனென்றால் தாயின் மனம் முழுக்க இரண்டாவதில் கிடந்தது. ஒன்பது நாளாக அவள் அதை ஒருவருக்கும் போட்டுக் காட்ட ஏலாமல் வைத்திருந்தாள். அதனால்தான் நாய் விழுந்தது.

கஜந்தினி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்தாள்.

உள்கதவு திறந்தது. கதிரவேலர் வந்தார். சேட்டெல்லாம் தேன், நாய் மயிர். முகத்தில் பெரிய சிரிப்பு.

"பிள்ளை! சீனி தொண்ணூறுக்கு ஏறிட்டுது! கண் முழிச்சு என்னைப் பாக்குது. மூண்டு நாள் இஞ்ச வைச்சு ஈரலைப் பாக்கவேணுமாம், எண்டாலும் பயம் குறைவாம். உன்னில ஒரு பிழையுமில்லை எண்டு டொக்டரே சொல்லிப்போட்டா. நான் அப்பவே சொன்னனானெல்லோ, என்ர மருமகள் அப்பிடிச் செய்யாள் எண்டு?"

கஜந்தினி தலையை நிமிர்த்தினாள். இந்த வீட்டில் அவள் நம்புவதற்கு மிச்சம் இருந்த ஒரே மனிதரைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, அவர் கனடாவில நிக்கிறார் எண்டு உங்களுக்கும் தெரியுமோ?"

கதிரவேலரின் சிரிப்பு நின்றது. அவர் மருமகளைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.